சாயம் வேறு, பூச்சு வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தள்ளிவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

போன மாசியில் பூர்வீக வீட்டில் இருக்கும் அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, தாத்தா மேசை இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது. பழைய மரம் வாங்குறவர் 1,500 ரூபா தரேங்கிறார். கொடுத்துடவா?" என்றான். "தொடாதேடா, நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

அந்த மேசையில்தான் அப்பா பட்டு நூல் கணக்கு எழுதினார். அதே மேசையில்தான் உங்களில் பலர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டீர்கள். அதை 1,500 ரூபாய்ப் பொருளாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. 1998-இல் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தபோது, "பளபளப்பா இருக்கட்டும்" என்று சாக்லேட் நிற எனாமல் பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்தான். தேக்கு மரத்தை மூடிவிட்டு, இருபது வருஷம் அதைப் பழைய சாமான் என்று நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

நெசவாளர் ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம். பட்டு நூலுக்கு நேரடியாகச் சாயம் போடுகிறோமா? சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து முதலில் பசையை நீக்குகிறோம். எடையில் கிட்டத்தட்ட கால்வாசி அதிலேயே போய்விடும். அப்புறம்தான் சாயம் நூலுக்குள் இறங்கும். மரமும் அப்படித்தான். பழைய பூச்சை எடுத்தால்தான் சாயம் ஏறும். எனாமல் மேலே உட்கார்ந்து மரத்தை மறைக்கிறது. சாயம் உள்ளே இறங்கி மரத்தின் ரேகையைக் காட்டுகிறது.

செய்தது இவ்வளவுதான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உலர்ந்த பெயின்டைத் தேய்த்துத் தூசி கிளப்பவில்லை. திண்ணையில் வைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, பட்டி பார்க்கும் தகட்டால் வழித்தெடுத்தேன். பேரப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. மரம் தெரிந்த பிறகு 120, அடுத்து 220 நம்பர் உப்புத்தாள், ரேகை போகும் திசையிலேயே. குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் சாயத்தில் கருப்பாகத் தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஆகவே தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். சாயத்தை முதலில் மேசையின் அடிப்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பிறகு துணியால் தடவி, சில நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டேன். வெட்டு முனைகள் அதிகமாகக் குடிக்கும், அங்கே கை குறைவாகப் போகட்டும். இரண்டு நாள் காயவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சு மூட்டையால் மெல்லிய பூச்சுகளாகப் போட்டேன். ஆமாம், பாரதத்து அரக்கு மாளிகையின் அதே அரக்குதான், மரக்கிளையில் பூச்சி விடும் பிசின். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் போட்டால் வெள்ளை பூத்துவிடும். மாசி, பங்குனிதான் சரி.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

மொத்தச் செலவு ரூ.1,200. பத்து நாள் காலை வேளை. "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்ட சொந்தங்களுக்கு என் கேள்வி: தவணையில் வாங்கிய மேசை உங்கள் வீட்டில் எத்தனை வருஷம் நின்றது? 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் என் தங்கை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மரத்தூளை ஒட்டிச் செய்த அலமாரி ஊறி உப்பி உதிர்ந்தது. அம்மாவின் தேக்குப் பெட்டி காய்ந்து, துடைத்ததும் பழையபடி நின்றது.

2019-இல் நாம் எல்லோரும் காஞ்சிபுரத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றோமே, யாரைப் பார்க்க? 40 வருஷம் குளத்துக்குள் இருந்து எழுந்த அத்தி மரத்துப் பெருமாளை. அங்கே கைகூப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, தாத்தா உட்கார்ந்த மரத்தை எடைக்குப் போடுகிறோம்.

சாயத்தைத் தப்பாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. ரப்பர் மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றித் தேக்கு என்று விற்பதும், விசைத்தறிச் சேலையைக் காஞ்சிக் கைத்தறி என்று விற்பதும் ஒரே களவு. மலிவான மரம் வாங்குவதில் தப்பே இல்லை. அதற்குப் பொய்ப் பெயர் வைப்பதுதான் தப்பு.

எல்லாப் பழசையும் காப்பாற்றச் சொல்லவில்லை. உளுத்துப்போனதை விட்டுவிடுங்கள். மூட்டு ஆடினால் ஆசாரியைக் கூப்பிட்டு நல்ல கூலி கொடுங்கள். ஆனால் விற்பதற்கு முன் ஒரு மூலையில் கொஞ்சம் பெயின்டை எடுத்துப் பாருங்கள். உள்ளே என்ன மரம் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

என் மேசையில் பெயின்டுக்கு அடியில் ஒன்று கிடைத்தது. காம்பஸ் முனையால் கீறிய 7 x 8 = 54. யார் கீறியது என்று எனக்குத் தெரியும். உப்புத்தாள் போடாமல் அப்படியே விட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் ஐயம்பேட்டைக்கு வந்து சரியான விடையைச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்