பதினாறு வயதுப் பிள்ளையின் பிரஷர் மாத்திரை

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது சாத்தூர் வட்டாரமே பதறி ஓடியது. தீக்காயம் என்றால் நமக்கு ஓடத் தெரியும். வலியே இல்லாமல் ஏறும் ரத்தக்கொதிப்புக்கு, அதுவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வந்ததற்கு, நாம் எழுந்துகூட நின்றதில்லை.

மத்திய அரசு 2016-18இல் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் 5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. நூறு பேர் நிற்கும் பிரேயரில் ஐந்து பேர். "இந்த வயசுல ஏது பிரஷர்?" என்று சொல்லியே அந்த ஐந்து பேரைத் தட்டிக்கழித்தோம்.

டாக்டர் சொன்னதைப் பிள்ளை கேட்பதில்லை என்று குறைப்படுகிறோம். எப்படிக் கேட்கும்? குழம்பில் உப்புப் போடுவது அது இல்லையே. பட்டாசு ஆபீஸ் வேன் வருமுன் அம்மா வடித்து வைத்துப் போகும் சோற்றுக்கு ஊறுகாய்தான் துணை. சாயங்காலம் அப்பா வாங்கி வருவது சாத்தூர் காராச்சேவு. பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீடே மாற வேண்டிய இடத்தில் பிள்ளைக்கு மட்டும் பத்தியம் சொன்னோம்.

மாத்திரையையும் நாம்தான் நிறுத்தினோம். அளவு இறங்கியது மாத்திரையால்தான் என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்லாமல், "சரியாப் போச்சுல்ல, விடு" என்றோம். சின்ன வயதுக் கொதிப்புக்குப் பின்னால் சிறுநீரகக் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், ஒருநாள் கூலி போகுமே என்று சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினோம்.

பெண் பிள்ளை விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மாத்திரை அட்டையை ஒளித்து வைத்தோம். எனலாப்ரில் போன்ற சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். கரு தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டியவை. ஒளித்துவைத்த வீட்டில் அதை யார் பேசுவது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தெருவுக்கே மாத்திரை வருகிறது. தாத்தாவுக்கு வாங்கி வைத்தோம். பேரனுக்கும் ஒருதடவை அளந்து பாருங்கள் என்று கேட்கவில்லை. 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தூரம் என்று சொல்லவும் இனி வழியில்லை. ஆசிரியர்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினோம், சங்கத்தில் இருப்பவர்கள் கூலியையும் நஷ்டஈட்டையும் பேசினோம், எழுதுகிறவர்கள் விபத்துகளை எழுதினோம். எல்லாமே தேவைதான். இந்தப் பிள்ளைகள் மட்டும் யார் பேச்சிலும் வரவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் கேட்கும் முன் பி.பி. அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் கைக்குப் பொருந்தும் பட்டையைக் கட்டி அளக்க வேண்டும். சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். 13 வயதுக்கு மேல், வெவ்வேறு நாட்களில் மூன்று முறையும் மேல் எண் 130ஐயோ கீழ் எண் 80ஐயோ தொட்டால், ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை, பிள்ளையோடு நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.