நுனி கருகும் செடி: மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டத்துக்கு இது நல்ல காலம். 2025 ஜூலை 4 அன்று தமிழக அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் ஒரு தொகுப்பாகவும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் இன்னொரு தொகுப்பாகவும் வீடுகளுக்குப் போகின்றன. சோளிங்கர், வாலாஜா, ஆற்காடு பக்கத்து வீடுகளிலும் மாடியில் பைகளும் கொல்லையில் குழிகளும் தயாராகின்றன. விதையும் கன்றும் மாநிலம் முழுவதும் ஒன்றுதான். அவற்றுக்கு ஊற்றப்போகும் தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

விதை நன்றாகவே முளைக்கும். ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் சிக்கல் தெரியும். அடி இலைகளின் நுனி முதலில் காயும், பிறகு ஓரம் பழுப்பாகும். கருகிய பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை இருக்கும். மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளை பூக்கும். இதைப் பார்த்ததும் நம்மில் பலர் செய்வது இரண்டு. நோய் என்று பூஞ்சைக்கொல்லி வாங்குகிறோம்; சத்துக் குறைவு என்று இன்னொரு கைப்பிடி உரம் போடுகிறோம். முதலாவதால் காசு வீண். இரண்டாவது செடியைக் கொல்லும். காரணம், ரசாயன உரமும் ஓர் உப்புதான். உப்பால் வாடும் செடிக்கு மேலும் உப்பைக் கொடுக்கிறோம்.

இந்த மாவட்டத்தில் மூன்றாவதாக ஒரு விளக்கமும் உடனே வரும்: "எல்லாம் தோல் கம்பெனித் தண்ணி." இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் தொட்டிக்கு வழி கிடைக்கும்.

தீர்ப்பு வந்தது, உப்பு போகவில்லை

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே நிலைநிறுத்திய தீர்ப்பு அது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் முதற்கட்டக் கணக்கெடுப்பை அதில் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது. இழப்பீடு அவசியம், அதுவும் இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு. ஆனால் பணம் கைக்கு வந்தாலும் கிணற்றில் இருக்கும் உப்பு கிணற்றில்தான் இருக்கும்.

ஏன் என்றால், உப்பு மக்காது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க முதலில் உப்பில் போடுகிறார்கள். தொழிற்சாலையில் அதை ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீருக்கு வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் அழுகும் கழிவை நுண்ணுயிர் தின்றுவிடும். குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு மட்டும் அப்படியே கடந்து போகும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. கழிவைக் காய்ச்சி வற்றவைத்தாலும் கடைசியில் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. அதை எங்கே கொட்டுவது என்பதும் ஒரு பிரச்சினை. உப்பை இடம் மாற்றலாம், இல்லாமல் ஆக்க முடியாது. உங்கள் மாடித் தொட்டிக்கும் இதே விதிதான்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் கழிவின் பங்கை மறுக்க முடியாது. சோளிங்கர் கதை அப்படியே அதுவல்ல. பாலாற்றை விட்டு விலகி வடக்கே, திருத்தணிப் பக்கம் இருக்கும் ஊர் இது. இங்கே தண்ணீர் பாறை இடுக்குகளில் தங்குகிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறையில் நெடுங்காலம் தங்கிச் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைத்துக்கொண்ட பழைய நீர் மேலே வருகிறது. சோறு வடிக்கும் பாத்திரத்தில் வெள்ளை ஏடு படிவதும், துணிக்குச் சோப்பு நுரைக்காததும் இதனால்தான். இதற்கு எந்தத் தொழிற்சாலையும் தேவையில்லை. இங்கே இருக்கும் ஒருவர் தன் எலுமிச்சை காய்ந்ததற்குப் பாலாற்றுத் தீர்ப்பைப் பார்த்துக் காத்திருந்தால், அடுத்த எலுமிச்சையும் காயும்.

ஒரு தொட்டியின் கணக்கு

தண்ணீரின் உப்பை மின்கடத்துத் திறனால் அளக்கிறார்கள். ஆய்வக அறிக்கையில் ஈ.சி. என்று இருக்கும். கடையில் கிடைக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் அதையே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். பாசனத்துக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் அளவு இது: 450-க்குக் கீழே கவலையில்லை, 450 முதல் 2,000 வரை கவனம் வேண்டும், 2,000-க்கு மேல் கடும் சிக்கல். இது வயலுக்கான அளவு. வயலில் மழையும் ஆழமான மண்ணும் உப்பைக் கீழே இறக்கும். தொட்டியில் அந்த வசதி இல்லை.

உங்கள் தண்ணீர் 1,280 காட்டுகிறது என்று வையுங்கள். ஈ.சி. கணக்கில் அது சுமார் 2. தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் 1.28 கிராம் உப்பு. ஒரு மாதத்தில் 38 கிராம், அதாவது சமையலறை மேசைக் கரண்டியால் இரண்டு கரண்டி. செடி தண்ணீரைக் குடித்துவிடும், வெயில் மீதியை உறிஞ்சிவிடும், உப்பு மண்ணிலேயே நிற்கும். 'தண்ணீர் வீணாகக் கூடாது' என்று அளந்து அளந்து கொஞ்சமாக ஊற்றுபவர்களின் செடிதான் முதலில் கருகும். அடியில் ஒன்றும் வழியாததால் உப்பு வெளியேற வழியே இல்லை. துளசி மாடத்தைப் பாருங்கள். பல வீடுகளில் அது ஓட்டையில்லாத சிமென்ட் தொட்டி. மண் ஈரமாக இருந்தாலும் காலையில் ஒரு சொம்பு விழுந்துவிடும். அங்கே வேரழுகலும் உப்பும் சேர்ந்தே வருகின்றன. அடியில் ஒரு துளை போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்று, ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர். குடிநீர் எந்திரத்தின் கழிவுக் குழாயை வாளியில் விட்டு, அதைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று நினைக்கிறோம். எந்திரம் நான்கு லிட்டர் எடுத்து ஒரு லிட்டர் குடிநீர் கொடுத்தால், அந்த நான்கு லிட்டர் உப்பும் ஏறக்குறைய முழுதாக மீதி மூன்று லிட்டரில் இருக்கும். போர் நீர் 1,500 என்றால் கழிவு 2,000 ஆகிறது. எந்திரம் பாதிக்குப் பாதி பிரித்தால் 3,000. தோல் பகுதி ஆலைகள் எங்கே கொட்டுவது என்று திணறும் அதே வகைக் கழிவை நாம் ரோஜாவின் தலையில் ஊற்றுகிறோம். அது கழிவறை கழுவப் போகட்டும். கடின நீரை மென்மையாக்கும் எந்திரத்தின் நீரும் வேண்டாம். சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைப்பது அது. ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் நீர் மட்டும் விதிவிலக்கு. அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, வீட்டுக்குள் வைக்கும் செடிகளுக்கு ஏற்றது. டிரசீனா, ஸ்பைடர் செடி போன்றவை உப்பையும் ஃபுளோரைடையும் தாங்காமல் நுனி கருகும் வகை. அவற்றுக்கு இந்த நீரையோ மழைநீரையோ ஒதுக்குங்கள்.

எல்லாக் கோளாறும் உப்பு இல்லை

உப்பு என்று முடிவு கட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். இளம் இலை சுருண்டு, அடியில் பூச்சி தென்பட்டால் அது பேன், அசுவினி வேலை. மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேர் அழுகுகிறது. அடி இலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. கறிவேப்பிலை, இட்லிப்பூ, எலுமிச்சை மூன்றிலும் இது அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இருக்கும். கடின நீர் மண்ணைக் காரமாக்கிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியாது. லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி உப்பு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். தண்ணீர் மாறாதவரை மஞ்சள் திரும்பி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உப்புதான் என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது கழுவி இறக்குவது. 10 லிட்டர் மண் கொள்ளும் தொட்டிக்கு 20 லிட்டர், உங்களுக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீரில், அவசரமில்லாமல் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். அடியில் தட்டு இருந்தால் வழிந்ததைக் கொட்டிவிடுங்கள். அதை மண் மறுபடி உறிஞ்சக் கூடாது. மேலே பூத்த வெள்ளையை அரை அங்குல மண்ணோடு சுரண்டி எடுத்துவிடலாம். அதன்பின் தினமும் கொஞ்சம் என்பதை விட்டு, மண் காய்ந்ததும் அடியில் சிறிது வழியும்வரை ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கினால் இரண்டு முறை அலசாமல் கலக்க வேண்டாம்; அதிலேயே உப்பு இருக்கக்கூடும். சாம்பல்சத்துக்கு மூரியேட் ஆப் பொட்டாஷை விட சல்பேட் ஆப் பொட்டாஷ் தொட்டிக்கு நல்லது. ஜிப்சம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது சோடியம் ஏறிய மண்ணுக்கு மருந்து. வெறும் உவர் மண்ணில் போட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். சோதனை இல்லாமல் வேண்டாம்.

இருக்கும் தண்ணீரில் சிறந்தது மழைநீர்தான். 500 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர் விழுகிறது. 2003-இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் உங்கள் சுவரில் ஏற்கனவே இருக்கும். அதில் ஒரு டீ இணைப்புப் போட்டு, மூடிய டிரம்முக்குத் திருப்பினால் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். கொசு புகாமல் வலை கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுக்காமல் நனைய விடுங்கள். ஓராண்டு உப்பை மழை இலவசமாகக் கழுவும். சத்தும் கூடவே போகும், மழை விட்டதும் மண்புழு உரம் வையுங்கள். (மலையடியில் இருப்பவர்களுக்குக் குரங்கு பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும் என்பது தெரியும். இது அதுவல்ல.)

தொகுப்பில் எது உங்களுக்கு?

இனி அரசு கொடுக்கும் தொகுப்புக்கு வருவோம். அதில் இருப்பவற்றில் கொத்தவரை உப்பை நன்றாகத் தாங்கும். தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகள் ஓரளவு தாங்கும். தக்காளி நடுத்தரம். கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் அதைவிடக் குறைவு. பழக்கன்றுகளில் கொய்யா தேறும். எலுமிச்சை மிக மென்மையானது. காய்கறி போனால் இரண்டு மாத உழைப்பு. எலுமிச்சை மூன்று ஆண்டு வளர்ந்து, காய்க்கும் நேரத்தில் ஓரம் கருகி நின்றால் அந்த வீட்டில் மறுபடி யாரும் கன்று நட மாட்டார்கள். உவர்நீர் ஊர்களில் எலுமிச்சைக்குப் பதிலாகச் சப்போட்டாவோ மாதுளையோ, காய்கறியில் காராமணியும் பீட்ரூட்டும் கூடுதலாகவும் கொடுக்கத் தோட்டக்கலைத் துறை யோசிக்க வேண்டும். பூவுக்குக் காகிதப்பூ, அரளி. ரோஜாதான் வேண்டும் என்றால் மழைநீர் டிரம் இருக்க வேண்டும்.

வேளாண், தோட்டக்கலை உதவி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுப்பு கொடுக்கப் போகும் கிராமத்தில் ஒரு டி.டி.எஸ். மீட்டரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரு போர் நீரை அளந்து பட்டியலில் எழுத அரைமணி நேரம் ஆகும். எந்தத் தெருவுக்கு எந்தக் கன்று என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அந்த மீட்டர் எவ்வளவு உப்பு என்றுதான் சொல்லும். சோடியமா சுண்ணாம்பா என்று சொல்லாது. குரோமியத்தை அது காட்டவே காட்டாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் கிடக்கிறது. அதன் சுற்றுப்புறத்திலும், தோல் கழிவு பாய்ந்த ஓடைக்கரையிலும் இருப்பவர்கள் கன உலோகச் சோதனை செய்யாமல் கீரையோ கிழங்கோ போட வேண்டாம். பூச்செடி வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று தோல் சீவலையும் சுத்திகரிப்பு நிலையச் சேற்றையும் எருவாகத் தொட்டியில் இடுவது அறவே கூடாது.

முழுச் சோதனைக்கு விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையோ அணுகலாம். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்டி, அன்றோ மறுநாளோ கொண்டு சேருங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுத்தால் வித்தியாசம் புரியும். அறிக்கைத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். பாலாற்றுப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு, தேதியோடு கூடிய அந்தத் தாள் நாளை இழப்பீடு கேட்கும்போதும் கையில் இருக்க வேண்டியது.