எல்லோருக்கும் சொந்தமான மரம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொருவர் பத்திரத்திலும் மனையில் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது. அப்படியானால் அதில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்திலும் பங்கு உண்டுதானே? நிழலுக்கு எல்லோரும் உரிமை கொண்டாடுகிறார்கள். பட்டுப்போன கிளையை இறக்கக் கூலி கேட்டால் மட்டும், "அது சங்கத்தின் வேலை" என்கிறார்கள். சங்கம் என்பது யார்? வானத்திலிருந்து குதித்தவர்களா?

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதைச் சொல்லி, மரத்தையே வெட்டிவிடலாம் என்கிறது இன்னொரு கட்சி. அடிமரம்வரை சிமெண்டு பூசி, குழாய் பதிக்க வேரையும் அறுத்தால், விழுவது மரத்தின் குற்றமா?

மழைக்கு முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பட்டதை இறக்குங்கள், வேருக்கு மண் விடுங்கள். உளுத்த மரமானால் வெட்டிவிட்டு வேறு நடுங்கள். செலவைப் பங்குப்படி கொடுங்கள்.

அந்தக் கிளைக்கு நேர்கீழேதான் காவல்காரரின் நாற்காலி கிடக்கிறது. எந்தப் பத்திரத்திலும் அவர் பெயர் இல்லை. ஆபத்தில் முழுப் பங்கும் அவருக்கா?