மானியம் கட்டிய பல்கலைக்கழகங்கள்

ருஷ்யா என்றதும் நம்மில் பலருக்குத் தல்ஸ்தோயும் தஸ்தயேவ்ஸ்கியும், முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டை நூல்களும்தாம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் பல்கலைக்கழகங்கள் கடந்த முப்பதாண்டுகளில் கடந்துவந்த பாதை குறித்து நாம் அதிகம் பேசியதில்லை. சீர்திருத்தத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பாதையில் தெளிவான விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ஆய்வாளர்களின் ஊதியம் பணவீக்கத்தில் கரைந்துபோயிற்று. 1992இல் ஜார்ஜ் சோரோஸ் நிறுவிய பன்னாட்டு அறிவியல் அறக்கட்டளை, முன்னாள் சோவியத் நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு ஆளுக்கு 500 டாலர் வழங்கியது. பலருக்கு அது ஓராண்டு ஊதியத்தைவிட அதிகம். அதைப் பெறுவதற்கான தகுதி எளிமையானது: ஐந்தாண்டுகளில் முதன்மையான இதழ்களில் மூன்று கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும். பசித்தவனுக்குச் சோறிடும் அவசரத்தில் அதைவிட நியாயமான அளவுகோலைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் கட்டுரைகளை எண்ணி மனிதரை மதிப்பிடும் பழக்கம் பிற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

மானியங்கள் நன்மையே செய்யவில்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு. சோரோஸின் பணத்தில் 33 பல்கலைக்கழகங்களில் இணைய மையங்கள் எழுந்தன. நூலகங்கள் ‘தடித்த இதழ்கள்’ எனப்படும் இலக்கிய ஏடுகளுக்குச் சந்தா கட்டவும் அந்தப் பணம் உதவியது. ஃபோர்டு, மெக்ஆர்தர் முதலிய அறக்கட்டளைகளின் துணையுடன் 1994இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் தோன்றியது. சமூகவியலையும் வரலாற்றையும் அச்சமின்றி ஆராய்ந்த சிறிய நிறுவனம் அது.

அடுத்த கட்டத்தில் அரசே மானியதாரராக மாறியது. 2003இல் ருஷ்யா பொலோனியா உடன்பாட்டில் இணைந்து, ஐரோப்பிய மாதிரியிலான இளநிலை, முதுநிலைப் பட்ட முறையை ஏற்றது. 2010இல் உலகப் புகழ்பெற்ற ஆய்வாளர்களை அழைத்துவர ‘பெருமானியத்’ திட்டம் வந்தது. 2012இல் புதின் பிறப்பித்த ஆணையொன்று, 2020க்குள் ஐந்து ருஷ்யப் பல்கலைக்கழகங்களாவது உலகத் தரவரிசையின் முதல் நூறு இடங்களுக்குள் வர வேண்டும் என்றது. ‘5-100’ என்று பெயரிடப்பட்ட அத்திட்டத்தில் முதலில் 15, பின்னர் 21 நிறுவனங்கள் சேர்க்கப்பட்டன. நம் முந்தைய தலைமுறை லுமும்பா பல்கலைக்கழகம் என்று அறிந்திருந்த மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு செயல்திட்டம் வரைந்து, வெளிநாட்டு வல்லுநர்களும் அமர்ந்த குழுவின்முன் அதை நியாயப்படுத்த வேண்டியிருந்தது. வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், வெளிநாட்டு ஆசிரியர் எத்தனை பேர், ஆங்கிலத்தில் எத்தனை பாடங்கள், பன்னாட்டு இதழ்களில் எத்தனை கட்டுரைகள்? இவற்றைக் கவனிக்கப் புதிய அலுவலகங்கள் முளைத்தன. ஆசிரியரின் ஊதியத்தை எண்ணிக்கைகளோடு பிணைக்கும் ‘செயல்திறன் ஒப்பந்தம்’ நடைமுறைக்கு வந்தது.

விளைவு கலவையானது. சில துறைகளில் தரவரிசை உண்மையிலேயே உயர்ந்தது; நல்ல ஆய்வுக்கூடங்கள் உருவாயின. ஆனால் ஒட்டுமொத்தத் தரவரிசையின் முதல் நூறு இடங்களில் ஐந்து பல்கலைக்கழகங்கள் என்ற இலக்கு எட்டப்படவில்லை. மறுபுறம், எண்ணிக்கைப் பசிக்குத் தீனி போடும் போலிக் கட்டுரைச் சந்தையும் செழித்தது. ருஷ்ய அறிவியல் கழகம் அமைத்த குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, 2020 தொடக்கத்தில் ருஷ்ய இதழ்கள் 800க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

இவற்றைக்கூட வளர்ச்சியின் வலி என்று மன்னித்துவிடலாம். என் ஆட்சேபம் வேறு. இத்தனை செயல்திட்டங்களில் ஒன்றேனும் பல்கலைக்கழகத்திற்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையைத் தந்ததா?

2009இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசுப் பல்கலைக்கழகங்களின் ரெக்டர்களை அதிபரே நியமிக்கிறார். முன்னர் சொன்ன ஐரோப்பியப் பல்கலைக்கழகமோ, தேர்தல் கண்காணிப்புப் பயிற்சிக்காக ஐரோப்பிய ஆணையத்திடம் மானியம் பெற்றதையடுத்து, 2008 பிப்ரவரியில் தீயணைப்பு விதிமீறலைக் காரணம் காட்டி மூடப்பட்டது. அடுத்த மாதமே திறக்கப்பட்டாலும், 2017இல் கற்பிக்கும் உரிமத்தை இழந்து, 2018இல்தான் அதை மீண்டும் பெற்றது. 2015இல் சோரோஸின் அமைப்பு ‘விரும்பத்தகாதது’ என அறிவிக்கப்பட்டது. 2021இல் அதே முத்திரை அமெரிக்காவின் பார்ட் கல்லூரிமீது விழுந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பல்லாண்டுகள் ஸ்மோல்னி கல்லூரியை வளர்த்த நிறுவனம் அது.

2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ருஷ்ய ரெக்டர்கள் சங்கம் அதிபரை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. கையெழுத்திட்ட 180க்கும் மேற்பட்டோரில், உலகமயமாதலின் முன்மாதிரிகளாகக் காட்டப்பட்ட பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் இருந்தார்கள். போரை எதிர்த்துக் கையெழுத்திட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டைவிட்டு வெளியேறியவர்களும் வேலையிழந்தவர்களும் அவர்களிடையே உண்டு. அவர்களைக் காக்கும் அமைப்பு எதுவும் அந்த வளாகங்களில் இல்லை. அதே ஆண்டு மே மாதம் பொலோனியா முறையிலிருந்து விலகுவதாக அமைச்சர் அறிவித்தார். இருபதாண்டு உழைப்பை ஓர் அறிவிப்பால் ஒதுக்கிவைக்க முடிந்தது.

மேற்கத்தியப் பணம் வந்ததே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஐந்நூறு டாலர் இல்லையேல் பல ஆய்வுக்கூடங்கள் இருண்டிருக்கும். குறை பணத்தில் இல்லை. பணம் எதை அளந்தது என்பதில் இருக்கிறது. எண்ணக்கூடிய அனைத்தையும் எண்ணினார்கள். ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, காரணமின்றி நீக்கப்படாத பணிப் பாதுகாப்பு, ஆய்வுப்பொருளைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் ஆகியவற்றை வளர்ப்பது மெதுவான வேலை. மூன்றாண்டு மானியத்தின் இறுதி அறிக்கையில் அவற்றைக் காட்ட முடியாது.

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான். வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்று கேட்கும் மானியப் படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்க வேண்டும்: நிர்வாகத்தை மறுத்துப் பேசிய ஓர் ஆசிரியர் அடுத்த ஆண்டும் அங்கே பாடம் நடத்துகிறாரா?