"நர்ஸ் ஆயிருக்கலாமே"ன்னு சொல்றவங்களுக்கு

1/ குளச்சல்ல ஓபி பார்க்கும்போது முதுகுவலியோட ஒரு அக்கா வந்தாங்க. வயசு 38. தனியார் மருத்துவமனையில 12 வருஷமா நர்சிங் உதவியாளர். கூட வந்தவர், "இத்தனை வருஷத்துல நர்ஸ் ஆயிருக்கலாமே"ன்னார். எனக்கு எரிச்சலா வந்துச்சு.

2/ எப்படிங்க ஆகிறது? ஜிஎன்எம் மூணு வருஷம் முழுநேரப் படிப்பு. வயசு வரம்பும் தாண்டியாச்சு. வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர்; இந்தச் சம்பளத்தை விட்டா அடுப்பு எரியாது.

3/ நர்ஸ் மட்டுமா வேலை? டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், லேப், ஈசிஜி, வலிநிவாரண சிகிச்சை, எல்லாத்துக்கும் ஆள் வேணும். படுக்கையில கிடக்கிறவரைப் புண் வராம புரட்டிப் படுக்க வைக்க அக்காவுக்குத் தெரியும். எனக்கு எம்பிபிஎஸ்ல யாரும் கையப் பிடிச்சுச் சொல்லித் தரல.

4/ 2021ல வந்த துணை மருத்துவத் தொழில் சட்டம், டிப்ளமோவுக்கு குறைஞ்சது 2000 மணி நேரம் கேக்குது. சரி, தியரி படிக்கணும்தான். ஆனா 8 மணி நேர ஷிப்டுல 250 நாள் நின்னாலே 2000 வந்துரும். அக்கா நின்னது 12 வருஷம். அதுல ஒரு மணி நேரத்தைக் கழிச்சுக் கொடுக்கிற கல்லூரியை நான் பார்த்ததில்ல. பாதியையாவது செய்முறைப் பயிற்சியா ஏத்துக்கிட்டு, மிச்சத்தை சாயங்காலம் நடத்தி, பரீட்சை வைங்க.

5/ அதுவரைக்கும் "ஆறே மாசத்துல டெக்னீஷியன்"னு போஸ்டர் பார்த்துப் பணம் கட்டிராதீங்க அக்கா.