ஒழுக்கவியல் பரீட்சையும் ஒரு கிலோ கொழுந்தும்



வெளிவாரிப் பட்டப் படிப்பில் மெய்யியலை எடுத்திருக்கும் உங்கள் மகள், ஒழுக்கவியல் குறிப்புகளை இரவெல்லாம் மனப்பாடம் செய்கிறாளா? அறிஞர்களின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு செயல் சரியா, பிழையா என்று காரணத்தோடு வாதிடத் தெரிய வேண்டும்.

உடப்புசல்லாவையில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோவைக் குறைத்து எழுதினால் என்ன பிழை என்று மகளிடம் கேளுங்கள். 1861இல் பயன்பாட்டுவாதத்தை விளக்கிய மில், அதனால் எல்லோருக்கும் விளையும் இன்ப துன்பங்களைக் கணக்கிடச் சொல்வார். 1785இல் நூல் எழுதிய கான்ட், அதை எல்லோருக்கும் பொது விதியாக்க முடியுமா, தொழிலாளியை வெறும் கருவியாக்குகிறோமா எனக் கேட்பார். அரிஸ்டோட்டில், அச்செயல் நம்மை எப்படிப்பட்டவராக்கும் என்பார். அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமோ, அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது.

இனி, கேள்வியைச் சற்றுக் கடினமாக்குங்கள்: குறைத்த பணம் ஒரு நோயாளிப் பிள்ளையின் மருந்துக்குப் போனால்? மில்லின் கணக்கு மாறக்கூடும். கான்ட் அசைய மாட்டார். இரு தரப்பையும் நேர்மையாகச் சொல்லி, பிறகு தன் முடிவை அவள் எழுதட்டும். நீங்கள் எதிர்த்தரப்பு பேசுங்கள். உம்மாவோடு வாதிட்டுப் பழகியவள் பரீட்சை மண்டபத்தில் தடுமாற மாட்டாள். நாளை நிறுவைக் கணக்கெழுதும் பேனா அவள் கைக்கே வந்தாலும், அந்தப் பழக்கம் உதவும்.