கேட்கக் கூசாதீர்கள், சகோதரிகளே

கொப்பித் தாளில் எழுதி நாலாக மடித்து, பெயர் போடாமல் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதினைந்து வயது மகளைப் பற்றி உம்மா ஒருவர் எழுதியது. மகளின் பெண்ணுறுப்பில் உள்ளிதழ் ஒரு பக்கம் நீண்டிருக்கிறதாம். பிள்ளை யாருக்கும் சொல்லாமல் அழுதுகொண்டே இருந்தாளாம். அதைச் சீர்செய்ய லேபியாபிளாஸ்டி என்றொரு ஒபரேஷன் இருப்பதாகப் போனில் பார்த்தார்களாம். “நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த உம்மாவுக்கு முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: அடகுக் கடைக்குப் போகாதீர்கள். 2005ஆம் ஆண்டு லண்டனில் வைத்தியர்கள் ஐம்பது பெண்களை அளந்து பார்த்தார்கள். உள்ளிதழின் அகலம் ஒருவருக்கு 7 மில்லிமீற்றர், இன்னொருவருக்கு 50 மில்லிமீற்றர். இத்தனை வித்தியாசமும் இயல்புக்குள்ளேதான் வருகிறது. இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லாததும் நோயல்ல. பருவமடைந்த பிள்ளைக்கு அந்த உறுப்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் பதினெட்டு வயதுக்கு முன் பொதுவாக இந்த ஒபரேஷனைச் செய்ய வேண்டாம் என்று பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரி 2013இல் சொன்னது. உங்கள் மகளுக்கு இப்போது தேவை, “உனக்கு ஒரு குறையும் இல்லை மகள்” என்று ஒரு பெண் டொக்டர் வாயால் கேட்பதுதான்.

ஆனால் எல்லோருக்கும் இதே பதிலைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. நடக்கும்போது உரசி உரசிப் புண்ணாகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றில் கிழிந்தது கோணலாக ஆறி, வருடக்கணக்கில் வேதனையை வெளியில் சொல்லாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வைத்தியம் தேடுவது அழகுக்காக அல்ல. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒஸ்தா மாமி என்னும் ஊர்ப் பெண்ணைக் கூப்பிட்டுச் சின்னப் பெண் பிள்ளைகளின் உறுப்பில் வெட்டும் கத்னாவும் இந்த ஒபரேஷனும் ஒன்றல்ல. அதைப் பிள்ளை கேட்பதில்லை, அதற்கு வைத்தியக் காரணமும் இல்லை. வைத்தியர்கள் அதைச் செய்யக்கூடாது என்று இலங்கைச் சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டது. விவரம் தெரிந்த வயதுவந்த பெண் ஒருத்தி, தன் வேதனைக்காகத் தானே கேட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

எங்கே போவது? மிட்வைஃபிடம் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்கில் கேட்கலாம். தள வைத்தியசாலையில் காட்டி, தேவைப்பட்டால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வி.ஓ.ஜி. எனும் மகப்பேற்று, பெண்ணோயியல் நிபுணரிடம் போகலாம். இப்போது நம்மைத் தடுப்பது தூரமல்ல, கூச்சம்தான். பெண் டொக்டர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. ஆண் டொக்டர்தான் இருக்கிறார் என்றால் பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். டொக்டர் பேசும் சிங்களம் விளங்காவிட்டால் விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள். தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நல்ல வைத்தியர் கத்தியைப் பற்றி முதலில் பேசமாட்டார். அரிப்புக்குப் பங்கஸ் கிருமி காரணமா, வாசனைச் சோப்பா, பேடா, ஷேவ் செய்த பிளேடா என்று பார்ப்பார். பல பேருக்கு அத்தோடு தொல்லை தீர்ந்துவிடும். ஒபரேஷன்தான் என்று முடிவானால் சீனி வருத்தம், பிரஷர், இதற்கு முன் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பதையெல்லாம் சொல்லுங்கள். அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையவிடாத மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. நாட்டு மருந்து குடித்தால் அதையும் சொல்லுங்கள். மாதவிடாய் வராத நாட்களாகப் பார்த்துத் திகதி கேளுங்கள். முதல் நாள் வீட்டில் ஷேவ் செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் வழியே கிருமி போகும். முழு மயக்கம் கொடுப்பதென்றால் வழக்கமாக ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். பாலூற்றிய தேத்தண்ணீரும் சாப்பாட்டுக் கணக்குத்தான்.

ஒப்பம் வைக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு வெட்டுவீர்கள்? எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள்? உணர்ச்சி குறையுமா? இரத்தக்கசிவு, கிருமித் தொற்று, தையல் பிரிதல், தழும்பு வலி, உணர்ச்சி மாறுதல் எல்லாம் நடக்கக்கூடியவை. அளவுக்கு மீறி வெட்டினால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

தியேட்டருக்குள் என்ன நடக்கும் என்ற பயம்தான் பலருக்குப் பெரிது. மல்லாக்கப் படுக்கவைத்து, பிரசவத்துக்குப் போல இரண்டு காலையும் தாங்கியில் தூக்கி வைப்பார்கள். வேலை நடக்கும் இடம் தவிர மற்றதெல்லாம் துணியால் மூடியிருக்கும். மண்ணிற அயடின் மருந்தால் துடைக்கும்போது குளிரும். ஊசி போடுமுன்பே வெட்ட வேண்டிய கோட்டைப் பேனையால் வரைந்துகொள்வார்கள். விறைப்பு மருந்து உள்ளே போனதும் இடம் வீங்கி அளவு மாறிவிடும் என்பதால் அப்படி. அந்த இடத்தை மட்டும் விறைக்கவைத்தால் முதல் ஊசி சுருக்கென்று எரியும். பிறகு இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், நோவு தெரியக்கூடாது. தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் உடனே சொல்லுங்கள், மருந்து கூட்டுவார்கள். சிலர் விளிம்பை நீளவாட்டில் சீவி எடுப்பார்கள். வேறு சிலர் நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பார்கள். தையல் தானே கரையும் மெல்லிய நூல். அநேகமாக ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்து, அன்றைக்கே வீட்டுக்கு விடுவார்கள்.

வீட்டில் சில நாள் வீக்கமும் கடுப்பும் இருக்கும். கழுவிய பின் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ருகூவும் சுஜூதும் வலித்தால் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு. கணவருடன் சேர்வது எப்போது என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். அதைக் கணவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பேட் நனையும்படி இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாற்றமுள்ள நீர் வடிந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரவானாலும்.

கடிதம் எழுதிய உம்மா, மகளைக் காட்டிவிட்டு வந்து இன்னொரு கடிதம் போடுங்கள். பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்